பாளையங்கோட்டை பெஞ்சில் ஸ்டார் வார்ஸ்: புதிதாக வருகிறவர்களுக்கு

பாளையங்கோட்டை தெற்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், டீக்கடை பெஞ்சில், ஞாயிறு சாயங்காலம் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் படங்களையும் அவற்றையொட்டிய வீடியோ கேம்களையும் பற்றிச் சண்டை போடுவோம். பக்கத்தில் டீ குடிப்பவர்கள் முதலில் ஏதோ சொத்துத் தகராறு என்றுதான் நினைப்பார்கள். வாரிசு, துரோகம், கையை வெட்டினான், கோட்டையைக் கொளுத்தினான் என்று பேச்சு போனால் வேறு என்ன நினைக்க?

சமீபத்தில் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: எதிலிருந்து ஆரம்பிப்பது? நாங்கள் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தோம். அதில் ஒருவர் இரண்டாவது வாரமே ஆளைக் காணோம். தப்பு எங்கள் பேரில்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில் எழுதுகிறேன்.

முதலில் மூன்று படம் போதும்

எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். 1977 மே 25 அன்று வெளியான படம்தான் இன்றைக்கு நாலாம் பாகம். அது வந்தபோது அதற்கு எண்ணே கிடையாது. 1981இல் மறுபடி திரையிட்டபோதுதான் நாலாம் பாகம் என்று தலைப்பில் சேர்த்தார்கள். 1980இல் ஐந்தாவது, 1983இல் ஆறாவது. அப்புறம் பதினாறு வருஷம் சும்மா இருந்துவிட்டு 1999, 2002, 2005இல் ஒன்று, இரண்டு, மூன்று. 2015, 2017, 2019இல் ஏழு, எட்டு, ஒன்பது. இடையில் 2016இலும் 2018இலும் தனிக்கதையாக இரண்டு படங்கள்.

ஆகவே பெஞ்சில் யாராவது "முதல் படம் மாதிரி வராதுப்பா" என்றால், நீங்கள் தலையாட்டிவிடக் கூடாது. அவர் சொல்வது 1977ஆ, 1999ஆ என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வருஷத்தைச் சொல்லிப் பேசும் பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

பார்க்க வேண்டிய வரிசை 4, 5, 6. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். வாரம் ஒன்றாக மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 1, 2, 3. ஐந்தாம் பாகத்தில் ஒரு வசனம் வருகிறது. அதைக் கேட்பதற்காகவே இந்த வரிசை. ஒன்றிலிருந்து தொடங்கினால் அந்த வசனம் உங்களுக்குப் பழைய செய்தியாகிவிடும். எங்கள் பெரியம்மா பேரனுக்கு ஒன்பது வயதில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கையில் மணப்பாறை முறுக்கு. வசனம் வந்ததும் முறுக்கு வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் அது அவன் கையில்தான் இருந்தது. நான் படத்தைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வசனத்தை மேற்கோள் காட்டும் பலரும் அதன் முதலில் லூக் என்று கதாநாயகன் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். படத்தில் அது "இல்லை" என்றுதான் தொடங்கும். பெஞ்சில் இதைத் தப்பாகச் சொன்னால் அன்றைய டீக்காசு உங்கள் கணக்கு.

4, 5, 2, 3, 6 என்று நடுவில் பழங்கதையை நுழைத்துப் பார்க்கும் வரிசை ஒன்றும் ரசிகர்களிடம் உண்டு. நல்ல வரிசைதான். இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வேகமாகப் புரியாவிட்டால் சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யோடா என்ற குள்ளமான கிழட்டு குரு பேசுவது புரியவில்லை என்று சிலர் பயப்படுவார்கள். அவர் சொல்லவேண்டிய சங்கதியை முன்னால் தள்ளி, எழுவாயைப் பின்னால் வைத்துப் பேசுவார். ஆங்கிலத்துக்கு அது விநோதம். நமக்கு என்ன விநோதம்? "சாப்பிட்டாச்சா நீ", "வந்துட்டான் பாரு அவன்" என்று நாம் காலையிலிருந்து ராத்திரி வரை அப்படித்தான் பேசுகிறோம். அவரை அச்சு அசலாகத் தமிழில் பெயர்த்தால் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய் விற்கும் தாத்தா மாதிரி இருப்பார்.

எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?

இதுதான் புதியவர்கள் தடுக்கி விழும் முதல் கல். ஓடிடியில் இன்று பார்க்கிற நாலாம் பாகம், 1977இல் தியேட்டரில் ஓடிய படம் அல்ல. 1997இல் ஜார்ஜ் லூகாஸ் தன் பழைய மூன்று படங்களையும் திருத்தி மறுபடி வெளியிட்டார். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். சாராயக்கடை மாதிரி ஓர் இடம். ஹான் சோலோ மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பிடிக்க வந்த கிரீடோ எதிரே துப்பாக்கியோடு. 1977இல் ஹான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேசைக்கு அடியில் துப்பாக்கியை உருவிச் சுடுகிறான். சுட்டது அவன் ஒருவன்தான். 1997இல் கிரீடோ முதலில் சுடுகிறான், கைக்கெட்டும் தூரத்தில் குறி தவறுகிறது, அப்புறம்தான் ஹான் சுடுகிறான். 2004 டிவிடியில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். 2019இல் கிரீடோ சுடுவதற்கு முன் "மக்லங்கி" என்று ஒரு சொல் சேர்ந்தது.

ஒரு வினாடிக் காட்சிதானே என்று தோன்றும். ஆனால் முதலில் சுடுகிறவன் காசுக்கு எதையும் செய்யும் கடத்தல்காரன். அப்படிப்பட்டவன் கடைசியில் திரும்பி வரும்போதுதான் நமக்கு மனசு நிறைகிறது. எதிராளி சுட்ட பிறகு சுடுகிறவன் தொடக்கத்திலேயே நல்லவன். அவன் திரும்பி வருவதில் என்ன அதிசயம்? என் கட்சி 1977. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன், 2004 பதிப்பையே குழந்தையிலிருந்து பார்த்தவன், எங்களோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினான். கடைசியில் செல்போன் சர்வீஸ் கடை அண்ணாச்சிதான் கேட்டார்:

"ஏலே, நீ எந்த சிடில பாத்தே?"

"டிவிடி அண்ணாச்சி. எங்க மாமா வாங்கிட்டு வந்தது."

"அதச் சொல்லுல மொதல்ல. ரெண்டு மாசமா ரெண்டு வேற படத்தப் பத்தில்லா பேசிக்கிட்டு இருக்கோம்."

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அண்ணாச்சி கேட்ட அந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி எதைப் பார்த்தான், எந்த வயதில் பார்த்தான் என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள்.

பழைய தியேட்டர் பதிப்பைப் பார்த்தே தீரவேண்டும் என்றால், 2006இல் வந்த டிவிடிகளில் அது கூடுதல் வட்டாக இருந்தது. யாரிடமாவது இருந்தால் கெஞ்சி வாங்குங்கள்.

எது மூலக்கதை, எது கிளைக்கதை

ரசிகர்கள் "கேனன்" என்று சொல்வார்கள். அதிகாரபூர்வக் கதை என்று பொருள். இந்த விஷயத்தில் திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சுடலைமாடன் கதையை ஓர் ஊரில் பாடுகிற மாதிரி அடுத்த ஊரில் பாடுவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி ஒருத்தி "எங்க ஊருல இப்பிடிப் பாட மாட்டாவளே" என்று முணுமுணுப்பாள். ஆனாலும் விடியும்வரை எழுந்து போகமாட்டாள். ராமாயணத்திலும் அதே கதைதான். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்குகிறான். கம்பனில் தொடாமல், குடிலோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான்.

ஸ்டார் வார்ஸில் நடந்தது இது. படங்களைச் சுற்றி நாவல், காமிக்ஸ், வீடியோ கேம் என்று பல வருஷமாகக் கிளைக்கதைகள் வளர்ந்தன. 2012இல் டிஸ்னி, லூகாஸின் கம்பெனியான லூகாஸ்ஃபிலிமை 400 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. 2014 ஏப்ரலில், அந்தக் கிளைக்கதைகளெல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது அதிகாரபூர்வக் கணக்கில் வராத பழங்கதைகள் என்று அறிவித்தார்கள். ஆறு படங்களும் குளோன் வார்ஸ் அனிமேஷனும் தப்பின.

இதனால் என்ன சண்டை? 1977 படம் தொடங்கும்போதே டெத் ஸ்டார் என்ற எதிரிகளின் ராட்சத ஆயுதத்தின் வரைபடம் திருடுபோயிருக்கும். திருடியது யார்? 1995இல் வந்த டார்க் ஃபோர்சஸ் விளையாட்டை ஆடியவனைக் கேட்டால், "நான்தான்" என்பான். அதன் முதல் கட்டமே கைல் கடார்ன் என்ற கூலிப்படைக்காரனாக உள்ளே நுழைந்து அந்த வரைபடத்தை எடுத்து வருவதுதான். 2016இல் வந்த ரோக் ஒன் படம் அதே திருட்டை வேறு ஆட்களை வைத்து, வேறு விதமாக, முழுப்படமாகச் சொன்னது. அதிகாரபூர்வமாக கைல் அங்கே போகவே இல்லை. ஆனால் அந்தக் கதவைத் திறந்த சாவியை நான் என் விரலால் அழுத்தித் தேடியிருக்கிறேனே! படம் பார்த்தவனுக்கும் விளையாடியவனுக்கும் கோபம் வேறு வேறு அளவில் வருவது இதனால்தான். பார்த்த கதையைப் பிடுங்கினால் வருத்தம். நாம் செய்த காரியத்தை நடக்கவில்லை என்றால் எரிச்சல்.

ஒதுக்கிய கதையிலிருந்து ஆட்கள் திரும்பி வருவதும் உண்டு. 1991 நாவல் ஒன்றில் பிறந்த திரான் என்ற நீலநிறத் தளபதி 2016இல் ரெபல்ஸ் அனிமேஷன் வழியாக மறுபடி அதிகாரபூர்வக் கதைக்குள் வந்துவிட்டார். எனவே யாரையும் செத்துப்போனதாகப் பேசாதீர்கள்.

இப்போது விளையாட்டு

புதியவர்கள் செய்கிற தப்பு, எது புதிதோ அதை இறக்குவது. ஜெடாய் சர்வைவர் 2023இல் வந்தது. நல்ல விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் அதற்கு 155 ஜிபி இடம் வேண்டும். நாளைக்கு 2 ஜிபி தரும் செல்போன் திட்டத்தில் இறக்கினால் 78 நாள். ஆடி அமாவாசைக்குத் தொடங்கினால் ஐப்பசி ஆகும். அதன் முந்தைய பாகம் ஃபாலன் ஆர்டர் (2019) 55 ஜிபி. வீட்டில் ஃபைபர் இணைப்பும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் அதில் தொடங்கலாம். கத்திச்சண்டை கை வராவிட்டால் கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி அதிலேயே இருக்கிறது. கூச்சப்படாமல் குறையுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் 2022இல் வந்த லெகோ ஸ்கைவாக்கர் சாகா. ஒன்பது படமும் அதில் கேலியாக வரும், ஒரே திரையில் இரண்டு பேர் ஆடலாம். ஆனால் படங்களைப் பார்த்து முடித்த பிறகு.

மற்ற எல்லாருக்கும், முக்கியமாகப் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் செல்போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும், என் பதில் 2003இல் பயோவேர் செய்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக். ரசிகர்கள் கோட்டார் என்பார்கள். நாகர்கோவில்காரர்கள் முதல் தடவை கேட்டால் தங்கள் ஊரைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். 2014இலிருந்து ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. கதை நடப்பது படங்களுக்குச் சுமார் 4,000 வருஷம் முன்னால். அதனால் படம் பார்க்காதவனும் ஆடலாம். மே 4ஐ ஒட்டித் தள்ளுபடி போடுவார்கள், காத்திருந்து வாங்குங்கள். நாலாம் தேதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், கதையில் வரும் மாயசக்தியான 'ஃபோர்ஸ்' என்பதும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் அன்றைக்கு ஸ்டார் வார்ஸ் நாள். தமிழில் இந்தச் சிலேடை ஓடாது.

ஆடும்போது தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். சண்டை வந்ததும் மவுஸைப் படபடவென்று தட்டாதீர்கள், பிரயோஜனம் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே 20 பக்கத் தாயக்கட்டை உருண்டுகொண்டிருக்கிறது. உங்கள் திறனையும் அதில் விழும் எண்ணையும் கூட்டித்தான் அடி படுமா படாதா என்று முடிவாகும். ஸ்பேஸ் பட்டனை அழுத்தி நிறுத்துங்கள், யார் யாரை அடிக்கவேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள், அப்புறம் விடுங்கள். தாரிஸ் என்ற முதல் கிரகம் இழுக்கும். லைட்சேபர் என்ற ஒளிவாளும் வராது. பாதிப் பேர் அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். பசாக் என்று ஒரு சீட்டு விளையாட்டு வரும். 20ஐத் தாண்டாமல் 20க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். சீட்டு ருசி கண்டவர்கள் அதிலேயே உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்ற மறந்துபோவார்கள்.

பிறகு, சேவ். 2006 வாக்கில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், ஓரத்து கேபினில் இருந்த ஆறாம் நம்பர் சிஸ்டத்தில், மூன்று வாரம் இதை ஆடினேன். காலேஜ் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு முழுவதும் அங்கே போனது. கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு திங்கள்கிழமை போனால் திரை புத்தம்புதிதாக இருக்கிறது. "வைரஸ் வந்துட்டு தம்பி, ஃபார்மட் அடிச்சாச்சு" என்றார் கடைக்காரர், சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே. கதையின் நடுவில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. அதை நான் தாண்டியிருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஆடியபோது எல்லாரும் பேசிய ஒவ்வொரு வரியிலும் அது ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அந்த வகையில் லாபம்தான். ஆனாலும் சேவ் கோப்புகளை பென் டிரைவில் ஒரு நகல் போட்டு வையுங்கள்.

அந்தத் திருப்பத்தைப் புதியவர் இருக்கும்போது சொல்லக் கூடாது. எங்கள் பெஞ்சில் எழுதப்படாத சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான்.

இதன் இரண்டாம் பாகத்தை அப்சிடியன் என்ற கம்பெனி 2004இல் அவசர அவசரமாகச் செய்து முடித்தது. கடைசிப் பகுதி ஓட்டை ஒடிசல். வெட்டி விட்ட காட்சிகளை ரசிகர்களே தோண்டி எடுத்து ஒட்டித் தந்திருக்கிறார்கள், அந்த ஒட்டுக்கு மாட் என்று பெயர், அதைப் போட்டு ஆடுங்கள். இதைச் சொல்வதற்கு ஒரே காரணம் கிரேயா. உங்களோடு வரும் கிழவி. நார் ஷாடா என்ற ஊரில் ஒரு பிச்சைக்காரன் காசு கேட்பான். கொடுத்தால் கிரேயா திட்டுவாள்: அந்தக் காசுக்காக இன்னொருவன் அவனை அடித்துப் பிடுங்குவதைக் காட்டுவாள். விரட்டிவிட்டால் அதற்கும் திட்டுவாள்: அந்த ஆத்திரத்தில் அவன் வேறொருவனைப் போய் அடிப்பான். நெல்லையப்பர் கோயில் வாசலில் சில்லறைக்குப் பையைத் துழாவும்போது இன்றும் அந்தக் கிழவி குரல் எனக்குக் கேட்கிறது. ஜெடாய் வீரர் நல்லவர், அவர் எதிரி சித் கெட்டவர் என்று படங்கள் போட்ட கோட்டை இப்படிக் கேள்வி கேட்ட படம் அதில் ஒன்றுகூட இல்லை என்பது என் அபிப்பிராயம். அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். கிரேயா குதர்க்கம் பேசுகிறாள், எதைச் செய்தாலும் குற்றம் சொல்கிறவளுக்கு என்ன தத்துவம் என்பார்.

பேட்டில்ஃபிரன்ட் என்ற விளையாட்டின் பெயரில் இரண்டு இரண்டாம் பாகம் உண்டு, குழம்பாதீர்கள். 2005இல் வந்தது பழையது, இணையம் இல்லாமலும் ஆடலாம். 2017இல் வந்ததுதான் ஊரெல்லாம் திட்டியது: வில்லன் டார்த் வேடராக ஆட 60,000 கிரெடிட் (விளையாட்டுக் காசு) சேர்க்கச் சொன்னார்கள், எதிர்ப்புக் கிளம்பியதும் 15,000 ஆக்கினார்கள், விற்பனைக்கு வரும் சமயத்தில் விளையாட்டுக்குள் காசு கொடுத்து வாங்கும் வசதியையே நிறுத்திவைத்தார்கள்.

பெஞ்சில் உட்காரும் முறை

எடுத்த எடுப்பில் எட்டாம் பாகத்தைத் தொடாதீர்கள். 2017இல் வந்த அந்தப் படத்தில், லூக் தன் கைக்கு வந்த லைட்சேபரைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போடுகிறார். அந்த ஒரு வீச்சுக்கு எங்களில் இரண்டு பேர் ஆறு மாதம் பேசாமல் இருந்தார்கள். பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எந்தக் காட்சி, அதில் யார் என்ன செய்தார் என்று சொல்லுங்கள். "சீனைச் சொல்லும்வே" என்பதுதான் இங்கே வழக்கு.

பௌதிகம் படித்தவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இஸ்ரோ ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இஞ்சின்களைச் சோதிப்பது அங்கேதான். அதனால் இங்கே யாரைத் தொட்டாலும் ராக்கெட் தெரிந்த ஒரு சித்தப்பா இருப்பார். வெற்றிடத்தில் சத்தம் கேட்காதே, பார்செக் என்பது தூரமாச்சே, ஹான் அதை வேகத்துக்குச் சொல்கிறானே என்பார். வாஸ்தவம்தான். ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டுத் தூரம். ஹான் குறுக்குவழியில் போனதால் தூரம் குறைந்தது என்று 2018 படத்தில் சமாளித்தும்விட்டார்கள். ஆனால் இது ராக்கெட் கதை அல்ல, வாளும் மந்திரமும் உள்ள கதை. ராக்கெட் அதில் குதிரைக்குப் பதிலாக வருகிறது. சத்தம் இல்லாமல் அந்த லைட்சேபர் எதற்கு? பழைய புரொஜெக்டர் மோட்டாரின் உறுமலையும் டிவி பெட்டியின் இரைச்சலையும் கலந்து செய்த சத்தம் அது. ஆபரேட்டர் கேபினுக்குக் கீழே உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் பழகிய மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

வயதில் மூத்தவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் மறுத்துப் பேசலாம். டீ ஆறுவதற்குள் ஒருவர் பேச்சை முடித்துவிட வேண்டும். ஏழு மணிக்குக் கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போடத் தொடங்குவார், அதுவரைதான் நேரம். கிரேயா வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டாம் பாகத்தில் நார் ஷாடாவைத் தாண்டியவர் யாராக இருந்தாலும் வாருங்கள், என் பக்கம் ஆள் குறைவாக இருக்கிறது.